இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு வயர்லெஸ்ஸில் இன்டர்நெட் கொடுக்கக் கிளம்பியிருக்கும் தம்பிக்கு முதலில் வாழ்த்துகள். கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்த பணத்தை எடுத்து டவர் நட்டிருக்கிறாய். அறுபது அடி உயரம், மூன்று பக்கமும் ஸ்டே கம்பி, உச்சியில் செக்டார் ஆன்டெனா, அடியில் பூட்டுப் போட்ட பெட்டி, பெட்டிக்குள் பேட்டரி. எல்லாம் லட்சணமாக இருக்கிறது. இப்போது ரேட் கார்டு அடிக்கப் போகிறாயாம். அதில் ‘கருவிகளும் பொருத்தும் கூலியும்: ரூ.11,000’ என்று உள்ளதை உள்ளபடி அச்சடிக்கப் போகிறாயாம். உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா?

உன் கணக்கில் தப்பில்லை. வாடிக்கையாளர் வீட்டு மொட்டைமாடியில் மாட்டுகிற ரேடியோவுக்கு ஒரு கணக்குக்கு 5,500 ரூபாய் வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் வைக்கும் வை-ஃபை ரவுட்டர் 1,200. பைப், கிளாம்ப், ஸ்டே கம்பி 1,500. வெயிலில் வெடிக்காத கேபிள் 40 மீட்டர், மீட்டர் 20 ரூபாய் வீதம் 800. அடாப்டர், இடிக்குச் சர்ஜ் பெட்டி, எர்த் கம்பி என்று 500. ஏணியும் டிரில்லும் சுமந்துகொண்டு பைக்கில் போகும் இரண்டு பையன்களுக்கு ஒரு நாள் கூலியும் பெட்ரோலும் 1,500. கூட்டினால் 11,000. உன் லாபம் இதில் ஒரு பைசா கிடையாது.

மாதச் சந்தா 600 என்று வைத்திருக்கிறாய். மேலே 18% ஜிஎஸ்டி, ஆக 708. அந்த 108 உன்னுடையது அல்ல, வாங்கி அனுப்ப வேண்டியது. மிச்சம் 600 ரூபாயில் பேண்ட்விட்த் விற்கும் பெரிய கம்பெனிக்கு ஒரு பங்கு, டவர் நிற்கிற இடத்துக்கு வாடகை, கரண்ட் பில், இரண்டு வருடத்துக்கு ஒரு பேட்டரி, வசூலுக்குப் போகிற பையன் சம்பளம். எல்லாம் போக ஒரு வீட்டுக்கு 150 ரூபாய் கையில் நின்றால் நீ கெட்டிக்காரன். 11,000 ரூபாயை 150 ஆல் வகுத்துப் பார். 73 மாதத்துக்கு மேல் வருகிறது. ஆறு வருடம். கோவை மாவட்டத்துச் சித்திரை வெயிலிலும் ஐப்பசி இடியிலும் அந்த ரேடியோ நாலைந்து வருடம் உயிரோடு இருந்தால் பெரிது. கருவிக்கு இரண்டாவது திவசம் கொடுக்கும் நாளில் உனக்கு முதல் திரும்பி வந்திருக்கும். அதனால்தான் முழுத்தொகையையும் முதலிலேயே கேட்கலாம் என்று நினைக்கிறாய். பள்ளிக்கூடத்தில் வகுத்தல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் கேட்டால் மெச்சுவார்.

தோட்டத்துக்காரர் மெச்ச மாட்டார். “ஏந் தம்பி, அவனவன் சும்மா தர்றேன்னு வாசல்ல வந்து நிக்கறான், நீ பதினோராயிரம் கேக்கற? ஊரான் வூட்டுக் காசு உனக்கு அத்தனை எளப்பமா?” என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும் ஏசியைக் கொஞ்சம் அண்ணாந்து பார். அதை மாட்ட வந்தவர் கூலி தனி, ஸ்டாண்ட் தனி, தண்ணீர் வடியும் பைப் தனி என்றார். காப்பர் பைப்புக்கு அடிக்கணக்கில் வாங்கினார். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். தோட்டத்தில் போர் போட்ட கதையைக் கேள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து ஆயிரம் அடி இறங்கியது. புகைதான் வந்தது. அடிக்கணக்குப் பார்த்து, கேசிங் பைப்புக்கும் சேர்த்து, விடிவதற்குள் ரொக்கமாக எண்ணிக் கொடுத்து, வண்டிக்காரர்களுக்குச் சாப்பாடும் போட்டு அனுப்பினார். தண்ணீர் வராத குழிக்குக் காசு கொடுத்தவர், சிக்னல் வருகிற பெட்டிக்குக் காசு கேட்டால் கொள்ளை என்கிறார். மின் இணைப்புக்கு அலைந்தாரே, அப்போது ரசீது போட்டுக் கட்டியது எவ்வளவு, ரசீது இல்லாமல் கட்டியது எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிடாதே. பெரிய மனிதர், சங்கடப்படுவார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு ஒரு பாடம் நடத்தப்பட்டது. 2016 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா இலவசம். சலுகை எதுவானாலும் 90 நாளைக்கு மேல் ஓடக் கூடாது என்று நம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு, அதாவது டிராய்க்கு, ஒரு விதி இருந்தது. இருந்தால் என்ன? ‘வெல்கம் ஆஃபர்’ டிசம்பரோடு முடிந்தது. அதே இலவசம் ‘ஹேப்பி நியூ இயர் ஆஃபர்’ என்று பெயர் மாற்றிக்கொண்டு 2017 மார்ச் 31 வரை ஓடியது. பெயர் வேறு, ஆகவே சலுகையும் வேறு என்று ஆணையம் ஒத்துக்கொண்டது. ‘சம்மர் சர்ப்ரைஸ்’ என்று மூன்றாவது ஞானஸ்நானம் நடந்தபோதுதான் பெரியவர்களுக்குக் கணக்கு நினைவு வந்து, நிறுத்தச் சொன்னார்கள். அதற்குள் ஊர் முழுக்க ஒரு தலைமுறைக்குப் பாடம் மனப்பாடம் ஆகிவிட்டது: இன்டர்நெட் என்பது சும்மா வருவது, காசு கேட்பவன் திருடன்.

அடுத்து நடந்ததை யாரும் மனப்பாடம் செய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு சிம்மாவது வைத்திருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. போனில் டவர் இல்லாமல், எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றுவதற்குக் கடை வாசல்களில் ஜனங்கள் நின்றது ஞாபகம் இருக்கிறதா? வாரக்கணக்கில் நின்றார்கள். போட்டிக்கு இருந்த கடைகள் ஒவ்வொன்றாய் இழுத்து மூடப்பட்ட பிறகு 2019 டிசம்பரில் விலை ஏறியது. 2021 நவம்பரில் ஏறியது. 2024 ஜூலையில் ஏறியது. ஏற்றிய ஒவ்வொரு முறையும் நம் தோட்டத்துக்காரர் ரீசார்ஜ் செய்துவிட்டு, “என்ன பண்றது தம்பி, போன் இல்லாம முடியுமா?” என்றார். அவர் கோபம் முழுவதையும் உன் 11,000 ரூபாய்க்காகப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்.

சும்மா என்பதற்குள் என்ன இருக்கிறது என்றாவது பிரித்துப் பார்த்தாரா? 2019இல் ஜியோ ஃபைபர் வந்தபோது முதலில் கட்டச் சொன்னது 2,500 ரூபாய். அதில் 1,500 திரும்பத் தருகிற வைப்புத்தொகை, 1,000 திரும்பாத பொருத்தும் கூலி. 2023 செப்டம்பரில் விநாயகர் சதுர்த்தி அன்று ஏர்ஃபைபர் வந்தது. உன் தொழில்தான், கொஞ்சம் பெரிய சட்டை போட்டது. அப்போது குறைந்த திட்டம் மாதம் 599, பொருத்துவதற்கு 1,000. ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் அந்த ஆயிரம் தள்ளுபடி. மொத்தமாக என்றால் 7,188 ரூபாய், ஜிஎஸ்டியோடு 8,482 பக்கம். எட்டாயிரத்துச் சொச்சத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடித்ததாக வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். நீ 11,000 கேட்டால் கருவி அவருக்குச் சொந்தம். கழற்றி விற்கலாம், மச்சான் தோட்டத்துக்குக் கொடுக்கலாம், இன்னொரு கம்பெனிக்கு மாறி அதே பைப்பில் வேறு ரேடியோ மாட்டலாம். அவர்கள் இலவசமாக மாட்டியது அவர்களுடைய பெட்டி; இவருடைய சுவர், இவருடைய கரண்ட். வேண்டாம் என்று சொன்ன மறுநாள் பெட்டியைக் கழற்ற ஆள் வரும். அந்த ஆள் வருகிற வேகத்தில் ரிப்பேருக்கு ஆள் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இதெல்லாம் அவரிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. விளக்குகிறவனுக்கு வியாபாரம் வராது. ஊரோடு ஒத்துப் போ. உனக்கு முன்னால் இந்தத் தொழிலில் இறங்கிய அண்ணன்மார் சிலர் காட்டிய வழி இருக்கிறது. ரேட் கார்டில் பெரிய எழுத்தில் ‘இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ’ என்று போடு. கேபிள் முதல் 10 மீட்டர் மட்டும்தான் இலவசம் என்பதை ஏணியில் ஏறிய பிறகு சொல். தென்னந்தோப்பு வீட்டில் மாடியிலிருந்து ஹாலுக்கு வரவே 30 மீட்டர் ஆகும். மீட்டருக்கு 20 கொடுத்து வாங்கியதை 45க்கு விற்றால் உன்னை யார் கேட்பது? போன வாடிக்கையாளரிடமிருந்து கழற்றிய ரவுட்டரை ஈரத்துணியால் துடைத்து, புது டப்பாவில் போட்டுக் கொடு. ஆறு மாதம் கழித்து அடாப்டர் போய்விட்டது என்று சொல், போகாவிட்டாலும் சொல். வைப்புத்தொகை 2,000 வாங்கு. அது அவருடைய பணம், உன் பொறுப்பில் இருக்கிற கடன் என்றெல்லாம் ஆடிட்டர் சொல்வார், காதில் போட்டுக்கொள்ளாதே. அதை எடுத்து அடுத்த டவருக்கு இரும்பு வாங்கு. இணைப்பு வேண்டாம் என்று ஒருவர் திருப்பிக் கேட்டால், “ஓனர் ஊர்ல இல்லீங்கண்ணா” என்று உன் பையனைச் சொல்லச் சொல். ஓனர் நீதான்; உள்ளூரில்தான் இருப்பாய்; இருந்தாலும் இல்லை.

பார்த்தாயா, மெய்யான விலையைச் சொன்னால் திருடன் என்கிற ஊரில், திருடினால் ‘பரவால்லே, நம்ம பையன்’ என்கிறார்கள். இந்தக் கேவலத்துக்கு உன்னைப் பழக்குவதற்கு ஒரு தேசமே மெனக்கெட்டிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ஏமாற்றத் தெரியாத பையன்களை ஏமாற்றுக்காரர்களாக மாற்றுகிற அந்த இலவசத்தை, ‘டிஜிட்டல் புரட்சி’ என்று மேடையில் பாராட்டிக் கைதட்டுகிறார்கள்.

டெல்லியையும் மறந்துவிடக் கூடாது. இன்டர்நெட் கம்பெனிகளுக்கான ஒருங்கிணைந்த உரிமத்தின்படி சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 8% உரிமக் கட்டணம். அந்த எட்டில் ஐந்து பங்கு எதற்குப் போகிறது தெரியுமா? கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுசேர்க்கும் நிதிக்கு. டிஜிட்டல் பாரத் நிதி என்று இப்போது அதற்குப் பெயர். உரிமம் உன் பெயரில் இல்லாமல் நீ வேறொரு கம்பெனிக்குப் பார்ட்னராக இருந்தாலும், உன் பங்கில் கழித்துக்கொண்டுதான் அவர்கள் கட்டுவார்கள். கிராமத்தில் உட்கார்ந்து கிராமத்துக்கு இன்டர்நெட் கொடுக்கிறாய். அந்த வரும்படியிலிருந்து, கிராமத்துக்கு இன்டர்நெட் கொடுப்பதற்காக டெல்லிக்குப் பணம் அனுப்புகிறாய். டெல்லி என்ன செய்தது? 2011இல், இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு இரண்டே வருடத்தில் ஃபைபர் போடுவதாகத் திட்டம் தீட்டியது. கெடு போனது. 2015இல் அதற்குப் பாரத்நெட் என்று புதுப்பெயர் வைத்தது. 2023இல், தொடங்கிப் பன்னிரண்டு வருடம் கழித்து, திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்தத் தொகைக்குப் பக்கத்தில் உன் 11,000 ரூபாயை வைத்துப் பார். கோடி என்ற எழுத்தின் கொம்புக்கே காணாது. அதைக் கேட்பாரில்லை. உன்னைக் கேட்க மட்டும் ஊரே வருகிறது.

அலைவரிசையிலும் உனக்கு ஒரு நல்லது செய்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பெரும்பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று அறிவித்தார்கள். ஏலம் எடுக்க வக்கில்லாதவனுக்கென்று விட்டுவைத்த மேய்ச்சல் புறம்போக்கு அது. நீயும் இரண்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாய். 2022 ஏலத்தில் 88,078 கோடிக்கு அலைவரிசை வாங்கிப் பட்டா வைத்திருக்கும் ஜியோவும் தன் வீட்டு இணைப்புகளில் ஒரு பகுதியை இதே புறம்போக்கில்தான் மேய்க்கிறது. யாருக்கும் உரிமம் வேண்டாம் என்றால் அவர்களுக்கும் வேண்டாம்தானே. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. உன் ரேடியோவில் இரைச்சல் ஏறும், வேகம் இறங்கும், வாடிக்கையாளர் உனக்குப் போன் செய்து திட்டுவார். திட்டி முடித்துவிட்டு அவர்களுடைய இணைப்புக்குப் பதிவு செய்வார்.

தென்னை மரத்தைப் பற்றிச் சொல்லாமல் பொள்ளாச்சியில் வயர்லெஸ் பேச முடியாது. டவருக்கும் வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர் என்றால், நடுவழியில் நேர்க்கோட்டைச் சுற்றி எட்டு மீட்டர் ஆரத்துக்கு ஒரு வெளி வேண்டும்; அதில் அறுபது விழுக்காடாவது மறைப்பில்லாமல் இருந்தால்தான் இணைப்பு நிற்கும். கண்ணுக்கு டவர் தெரிந்தால் போதாது. மழையில் நனைந்த ஓலை ஒன்று குறுக்கே ஆடினால் சிக்னல் படுத்துவிடும். ஆகவே முதலில் சர்வேக்குப் போக வேண்டும். மாடி ஏறி, டவர் தெரிகிறதா என்று பார்த்து, ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு மூலையும் நடந்து, கடைசியில் “இங்க கிடைக்காதுங்கய்யா” என்று இறங்கி வரும் நாட்கள் பாதிக்கு மேல். அந்த நாளின் கூலியை யார் தருவது? சர்வே கட்டணம் 300 என்று போர்டில் எழுதிப் பார், தெரியும். டாக்டர் நாடி பிடித்து ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னதற்கு 300 கொடுத்துவிட்டு வந்த அதே மனிதர், நீ ‘கிடைக்காது’ என்று சொன்னதற்கு டீகூட வாங்கித் தர மாட்டார்.

மறைப்பில்லாமல் சிக்னல் பளிச்சென்று வருகிற தோப்புகளும் உண்டு. கேரள வாடல் நோய் விழுந்து மரங்களை வெட்டிச் சாய்த்த தோப்புகள் அவை. அங்கே உன் டவர் துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த விவசாயியிடம் 11,000 ரூபாய் இருக்காது. அவரிடம் போய் ரேட் கார்டை நீட்டாதே. அவருக்குத் தவணை போட்டுக் கொடு, நஷ்டம் வந்தாலும் கொடு. இது கிண்டல் இல்லை.

டவருக்குக் கீழே கூட்டம் கூடும் என்பதையும் எதிர்பார்த்து வை. ‘2.0’ படம் பார்த்துவிட்டு வந்த ஒருவர் குருவி செத்ததற்கு உன்னைக் காரணம் சொல்வார். அவர் சட்டைப்பையில் இரண்டு செல்போன் இருக்கும். கதிர்வீச்சுக்குப் பரிகாரமாக அவர் வீட்டுக்கு ஒரு இணைப்பு, மாதச் சந்தா இல்லாமல் கொடுத்தால் குருவி பிழைத்துக்கொள்ளும். வார்டு பெரிய மனிதருக்கு ஒன்று, நோட்டீஸ் ஒட்ட இடம் கொடுத்த கடைக்கு ஒன்று. இந்த மூன்று இணைப்பின் செலவும், ‘அதிகமாக வாங்குகிறான்’ என்று திட்டுகிற மற்றவர்கள் தலையில்தான் விழும். ரேட் கார்டில் இதற்கு என்ன தலைப்புப் போடுவாய்? ‘இதர செலவுகள்’ என்று போடு. அரசாங்கமே அப்படித்தான் போடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் 11,000 என்றே அச்சடிப்பேன், பாதியை முதலில் வாங்கிக்கொண்டு மீதியைப் பத்து மாதத் தவணையாகப் பிரித்துத் தருவேன், கருவி அவருக்கே சொந்தம் என்று எழுத்தில் கொடுப்பேன், இடி விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவேன் என்று நீ பிடிவாதம் பிடித்தால், செய். நூறு பேரில் பத்துப் பேர் வருவார்கள். பேத்திக்கு ஆன்லைன் வகுப்பு அறுந்து போகாமல் ஓட வேண்டும் என்கிற பாட்டி வருவார். ராத்திரியில் அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பையன் வருவான். கோழிப் பண்ணைக்குக் கேமரா வைத்தவர் வருவார். மீதித் தொண்ணூறு பேர் இலவசத்துக்குப் போவார்கள், போகட்டும். அந்தப் பத்துப் பேரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஜியோவுக்கு இருப்பதுபோல் உன் பின்னால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இல்லை, உன் அப்பாவின் பிஎஃப் பணம் மட்டும்தான் இருக்கிறது.

தாக்குப்பிடித்து நின்றாயானால் ஒரு நாள் போன் வரும். இலவசமாக வந்த பெட்டியில் நாலு நாளாகச் சிவப்பு விளக்கு எரிகிறதாம். புகார் எண்ணுக்குக் கூப்பிட்டால் ஒன்றை அழுத்து, ஐந்தை அழுத்து என்கிறதாம்; ஆள் எடுப்பதே இல்லையாம்; எடுத்த ஆளுக்கும் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோட்டூர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையாம். மாதக்கட்டணமும் ஏறிவிட்டதாம். “தம்பி, நம்ம பையன் நீ இருக்கையில எனக்கென்ன கவல? சாயந்தரம் வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போயிரு” என்பார் தோட்டத்துக்காரர். அப்போது பழைய ரேட் கார்டை எடுத்து நீட்டிவிடாதே. 22,000 என்று சொல். பாதி ஏணியைச் சாய்ப்பதற்கு முன்னால், மீதி பையன் மாடியிலிருந்து இறங்குவதற்கு முன்னால். ஜிஎஸ்டி தனி.